மத்திய அரசு அலுவலகம் உள்ளே எப்படி ஓடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1984-ல் எல்.டி.சி.யாக, அதாவது கீழ்நிலை குமாஸ்தாவாக, டெல்லிக்கு ரயில் ஏறியவன் நான். முப்பத்தேழு வருடம் ஃபைல் பார்த்து, நடுவில் துறைத் தேர்வுகள் எழுதி, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். அதிலிருந்து யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள், பென்ஷன் நின்றுபோன பெரியவர்கள், "இதுக்கெல்லாம் யார்தாங்க பொறுப்பு" என்று கோபப்படும் சொந்தக்காரர்கள் என ஆள் மாற்றி ஆள் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அமைச்சகம், துறை, இயக்குநரகம், வாரியம்... எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, ஒன்றுக்குள் ஒன்று. அமைச்சகம் ஒரு பெரிய வீடு என்றால் துறைகள் அதில் தனி அடுப்பு வைத்திருக்கும் குடித்தனங்கள். நிதி அமைச்சகத்தில் பொருளாதார விவகாரம், செலவினம், வருவாய், நிதிச் சேவைகள் என்று பல துறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலாளர். வருவாய்த் துறைக்குக் கீழே மத்திய நேரடி வரிகள் வாரியம், அதற்குக் கீழேதான் உங்கள் ஊர் வருமான வரி அலுவலகம். டெல்லியில் இருக்கும் செயலகம் கொள்கை வகுக்கும், ஒப்புதல் கொடுக்கும். வேலையைச் செய்வது வெளியே இருக்கும் அலுவலகங்கள். இவை போக, நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த அமைப்புகள் உண்டு. உங்கள் பி.எஃப். பணத்தை வைத்திருக்கும் இ.பி.எஃப்.ஓ. அப்படிப்பட்டது, தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

எந்த வேலை எந்தத் துறைக்கு என்பதை 1961-ஆம் வருட அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் சொல்கின்றன. அரசமைப்பின் 77-ஆவது பிரிவுதான் அதற்கு ஆதாரம். புது அமைச்சகம் தொடங்கத் தனிச் சட்டம் எதுவும் வேண்டாம், இந்த விதிகளைத் திருத்தினால் போதும். 2019-ல் ஜல் சக்தி அமைச்சகமும் 2021-ல் கூட்டுறவு அமைச்சகமும் அப்படித்தான் வந்தன. வாசலில் பலகை ஒரே நாளில் மாறிவிடும். பழைய ஃபைல்கள் எந்த அலமாரிக்குப் போயின என்று தேடுவதற்கு ஒரு வருடம் ஆகும், அது வேறு கூத்து.

யாருக்கு மேலே யார்?

கீழிருந்து வருகிறேன். எம்.டி.எஸ். என்பவர் பழைய காலத்துப் பியூன். அப்புறம் ஜூனியர் அசிஸ்டென்ட், சீனியர் அசிஸ்டென்ட், அசிஸ்டென்ட் செக்‌ஷன் ஆபீசர், செக்‌ஷன் ஆபீசர். இவர்களுக்கு மேலே அண்டர் செக்ரட்டரி, டெபுடி செக்ரட்டரி அல்லது டைரக்டர், ஜாயின்ட் செக்ரட்டரி, அடிஷனல் செக்ரட்டரி, செக்ரட்டரி, கடைசியில் அமைச்சர். "அண்டர்" என்பதை வைத்து அவரை யாரோ சின்ன ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், "குடியரசுத் தலைவரின் ஆணைப்படி" என்று வரும் உத்தரவுகளில் பாதிக்கு மேல் கையெழுத்துப் போடுவது அவர்தான்.

எல்லாச் செக்ரட்டரிகளுக்கும் மூத்தவர் கேபினட் செக்ரட்டரி. 2024 ஆகஸ்டில் அந்தப் பொறுப்புக்கு வந்த டி.வி. சோமநாதன் தமிழ்நாடு கேடரின் 1987 பேட்ச்.

ஒரு ஃபைல் உண்மையில் எப்படி நகர்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததும் அதற்குப் பெயர் டாக். ஒரு டைரி நம்பர் விழும். செக்‌ஷனில் அந்த விஷயத்தைப் பார்க்கிற ஆளிடம், அதாவது டீலிங் ஹேண்டிடம் போகும். அவர் ஃபைலைத் திறந்தால் இரண்டு பக்கம்: வலப்பக்கம் கடிதங்கள், இடப்பக்கம் பச்சைத் தாளில் குறிப்புகள். உங்கள் கடிதத்தின் மேல் "பி.யு.சி." என்று ஒரு சீட்டுக் குத்துவார், இப்போது பரிசீலிக்க வேண்டிய தாள் இதுதான் என்று பொருள். பிறகு நோட் போடுவார். விஷயம் என்ன, விதி என்ன சொல்கிறது, முன்பு இதேபோல் வந்தபோது என்ன செய்தோம், இப்போது என்ன செய்யலாம். ஆதாரமான தாள்களுக்கு ஃப்ளாக் ஏ, ஃப்ளாக் பி என்று குண்டூசியில் சீட்டு. கடைசி வரி பெரும்பாலும் "உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது". கீழே சின்னக் கையெழுத்து, தேதி.

அது மேலே போகும். ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டால் வெறும் கையெழுத்து, மறுத்தால் நாலு வரி. எனக்கு ரொம்பப் பயமான வார்த்தை "பிளீஸ் டிஸ்கஸ்". அதை எழுதிய அதிகாரி டூரில் போயிருப்பார், வந்ததும் மீட்டிங், பேசி முடிக்க மூன்று வாரம், ஃபைல் அதுவரை நம் மேஜையில். பணம் சம்பந்தப்பட்டதென்றால் உள் நிதிப் பிரிவுக்கு, சட்டச் சிக்கல் என்றால் சட்ட அமைச்சகத்துக்கு, பணியாளர் விதி என்றால் பணியாளர் துறைக்கு என்று ஊர்வலம் வேறு.

இப்போது எல்லாம் இ-ஆஃபீஸ். பச்சைத் தாளும் குண்டூசியும் திரைக்குள் போய்விட்டன, ஆனால் நடைமுறை அதேதான். ஒரே ஒரு நல்ல மாற்றம், ஃபைல் யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்று கணினி சொல்லிவிடும்.

இத்தனை கை எதற்கு? சோம்பேறித்தனம்தானே?

சோம்பேறிகள் உண்டு, நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். எங்கள் செக்‌ஷனிலேயே மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குப் போய் மூன்றரைக்கு வருகிற ஒருவர் இருந்தார், குளிர்காலத்தில் புல்வெளியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். ஆனால் தாமதத்துக்குப் பெரிய காரணம் வேறு. கேட்பார்கள், தணிக்கை வரும், விஜிலென்ஸ் வரும், கோர்ட் வரும், வந்தவர்கள் எல்லாரும் திறந்து பார்ப்பது அந்தக் குறிப்புப் பக்கத்தைத்தான். யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும். போடாமல் "இன்னும் ஒரு துறையின் கருத்தையும் கேட்கலாமே" என்று எழுதித் தள்ளிவிட்டவரை யாரும் கேட்பதில்லை, அவர் மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆகிவிடுகிறார். நம் அரசாங்கத்தில் பொறுப்புக் கேட்கும் முறைகளுக்குக் குறைவே கிடையாது, ஆனால் அத்தனையும் செய்த தப்பைத்தான் பிடிக்கும், செய்யாமல் விட்டதைப் பிடிப்பது அபூர்வம். நான் உள்ளே இருந்து பார்த்ததில் இதுதான் எல்லாவற்றுக்கும் வேர்.

மத்திய அரசு என்றாலே எல்லாரும் ஐ.ஏ.எஸ்.ஸா?

அடடா, இந்த நினைப்பை முதலில் கழற்றி வையுங்கள். மத்திய அரசின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் ஏறத்தாழ 40 லட்சம். நாடு முழுவதும், மாநிலங்களையும் சேர்த்து, ஐ.ஏ.எஸ். பணியிடங்கள் சுமார் 6,800, அதிலும் ஆள் இருப்பது ஐயாயிரத்துச் சொச்சம்தான். போஸ்ட் மாஸ்டர், வருமான வரி இன்ஸ்பெக்டர், ஸ்டேஷன் மாஸ்டர், பாஸ்போர்ட் அலுவலகக் கவுண்டரில் இருப்பவர் என்று நீங்கள் வாழ்நாளில் சந்திக்கிற மத்திய அரசு முகங்களில் ஐ.ஏ.எஸ். இருக்காது.

டெல்லிச் செயலகத்திலேயே நிரந்தரமாக இருப்பது மத்தியச் செயலகப் பணி என்கிற எங்கள் கூட்டம். ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் மாநிலத்திலிருந்து டெபுடேஷனில் வருவார்கள், டெபுடி செக்ரட்டரி என்றால் நான்கு வருடம், டைரக்டரோ ஜாயின்ட் செக்ரட்டரியோ என்றால் ஐந்து வருடம். வந்து, விஷயத்தைப் பிடித்து, நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கும்போது கிளம்பும் நேரம் வந்துவிடும். பழைய கதையெல்லாம் தெரிந்த ஆள் யாரென்று பார்த்தால் மூலையில் உட்கார்ந்திருக்கும் செக்‌ஷன் ஆபீசர்தான்.

அப்படியானால் கலெக்டர் யாருடைய ஆள்?

இரண்டு பேருடைய ஆளும். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., இந்திய வனப் பணி மூன்றும் அகில இந்தியப் பணிகள், அரசமைப்பின் 312-ஆவது பிரிவில் வருபவை. தேர்ந்தெடுத்து நியமிப்பது மத்திய அரசு. வேலை வாங்குவது, இடம் மாற்றுவது மாநில அரசு. மாநில அரசு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியை சஸ்பெண்ட் செய்யலாம், ஆனால் வேலையை விட்டே நீக்குவது மத்திய அரசால் மட்டுமே முடியும். 1949 அக்டோபரில் அரசமைப்பு நிர்ணய சபையில் இந்தப் பணிகளுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று பலர் முறுக்கிக்கொண்டபோது வல்லபபாய் படேல் கோபமாகவே பேசி இதை நிறுத்தி வைத்தார். மனதில் பட்டதைத் துணிந்து சொல்லக்கூடிய அதிகாரி வேண்டும் என்பது அவர் வாதம். துணிந்து சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் அனுபவத்துக்கே விடுகிறேன்.

ஆள் எடுப்பது எப்படி? தமிழில் எழுத முடியுமா?

மேல்மட்டத்துக்கு யு.பி.எஸ்.சி. 1926 அக்டோபர் 1-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது, அரசமைப்புப் பாதுகாப்பு உள்ள அமைப்பு. தலைவர் ஓய்வுக்குப் பின் வேறு அரசுப் பதவி எதுவும் வாங்க முடியாது, ஆசை காட்டி வளைக்கக் கூடாதே என்பதற்காக. சிவில் சர்வீஸ் தேர்வில் முதன்மைத் தேர்வுக்கு 1,750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 275, மொத்தம் 2,025. முதல்நிலைத் தேர்வு வடிகட்டி மட்டும், அந்த மதிப்பெண் கடைசிக் கணக்கில் சேராது.

தேறினால் போதும் என்கிற கட்டாய ஆங்கிலத் தாள் நீங்கலாக, முதன்மைத் தேர்வையும் நேர்முகத்தையும் தமிழிலேயே செய்யலாம். சிக்கல் முதல்நிலையில்: கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் வாசலிலேயே தடுக்கி விழுகிறது, இதை நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நடு, கீழ் மட்டத்துக்கு எஸ்.எஸ்.சி. என்கிற பணியாளர் தேர்வாணையம், 1975-ல் வந்தது. எம்.டி.எஸ். தேர்வையும், பிளஸ் டூ தகுதிக்கான சி.எச்.எஸ்.எல். தேர்வையும் 2023 முதல் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம். இந்த மட்டத்தில் நேர்முகத் தேர்வு 2016-லிருந்து கிடையாது, அதனால் "ஆள் பிடித்துத் தருகிறேன், இன்டர்வியூவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது பணம் கேட்டால் அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம்.

ஒரு உதிரித் தகவல்: 1976-ஆம் வருட அலுவல் மொழி விதிகளின் முதல் விதியிலேயே "தமிழ்நாடு நீங்கலாக" என்று இருக்கிறது. ஆனால் டெல்லிக்குப் போன எங்களைப் போன்றவர்கள் பிரபோத், பிரவீண், பிராக்யா என்று மூன்று இந்திப் பரீட்சை எழுதினோம். பிராக்யாவில் நான் இரண்டாம் முறைதான் தேறினேன்.

இட ஒதுக்கீடு எவ்வளவு? "லேட்டரல் என்ட்ரி" சண்டை என்ன?

அகில இந்திய அளவில் நேரடித் தேர்வுக்கு எஸ்.சி. 15 சதவீதம், எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 2019 முதல் 10. தமிழ்நாட்டின் 69 சதவீதம் மாநில அரசு வேலைக்கானது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லேட்டரல் என்ட்ரி என்றால் தனியார் துறை போன்ற வெளியிடங்களிலிருந்து ஜாயின்ட் செக்ரட்டரி, டைரக்டர் நாற்காலிகளுக்கு ஒப்பந்தத்தில் நேராக எடுப்பது. 2018-ல் பத்து ஜாயின்ட் செக்ரட்டரி பணியிடங்களுக்கு விளம்பரம் கொடுத்துத் தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு யு.பி.எஸ்.சி. விளம்பரம் கொடுத்தது. அதில் இட ஒதுக்கீடு இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. வெளியாள் வந்தால் நல்லதா? விமானப் போக்குவரத்து, சூரிய மின்சாரம் மாதிரி நுணுக்கமான இடங்களில் நல்லதே. ஆனால் ஒவ்வொரு நாற்காலியையும் "ஒற்றைப் பணியிடம்" என்று பிரித்துக் காட்டி ஒதுக்கீட்டைத் தவிர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இத்தனை பேர் வேலை தேடும்போது காலியிடங்கள் ஏன் அப்படியே கிடக்கின்றன?

2021 மார்ச் 1 கணக்குப்படி 40.35 லட்சம் இடத்தில் 9.79 லட்சம் காலி என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நாலில் ஒன்று. காரணம் ஒன்றல்ல. பணி நியமன விதிகளைத் திருத்த வருடக்கணக்காகும், பதவி உயர்வில் சீனியாரிட்டி வழக்கு நின்றால் கீழே உள்ள இடமும் நிரம்பாது, செலவைக் குறைக்க வேண்டும் என்று நிதித் துறையும் முகம் சுளிக்கும். அந்த இடைவெளியை ஏஜென்சி மூலம் வரும் ஒப்பந்தப் பிள்ளைகள் நிரப்புகிறார்கள். என் கடைசி ஐந்து வருடத்தில் செக்‌ஷனில் கணினி தட்டியதில் பாதிப்பேர் அவர்கள்தான். அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் வராது, கையெழுத்துப் போடும் அதிகாரமும் இல்லை, வேலை மட்டும் உண்டு.

சம்பளம்?

ஏழாவது ஊதியக் குழுப்படி, 2016 ஜனவரி முதல், அடிப்படைச் சம்பளம் கடைசிப் படியில் 18,000 ரூபாய், புதிதாகச் சேரும் ஐ.ஏ.எஸ்.ஸுக்கு 56,100, செக்ரட்டரிக்கு 2,25,000, கேபினட் செக்ரட்டரிக்கு 2,50,000. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டம் அல்லது 2025 ஏப்ரலில் வந்த யு.பி.எஸ். என்கிற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்.

தப்புச் செய்தவரை ஏன் உடனே டிஸ்மிஸ் செய்வதில்லை?

செய்ய முடியாது. அரசமைப்பின் 311-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது: நியமித்தவருக்குக் கீழுள்ள அதிகாரி நீக்க முடியாது, குற்றச்சாட்டைச் சொல்லி விசாரித்துப் பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமலும் நீக்க முடியாது. கிரிமினல் வழக்கில் தண்டனை, நாட்டின் பாதுகாப்பு மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அதனால் சார்ஜ் மெமோ, எழுத்துப்பூர்வ பதில், விசாரணை அதிகாரி, குற்றம்சாட்டப்பட்டவருக்கு உதவி செய்ய ஒரு சக ஊழியர், அறிக்கை, பல வழக்குகளில் யு.பி.எஸ்.சி.யின் ஆலோசனை, பிறகு உத்தரவு, மேல்முறையீடு, அதற்கும் பிறகு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம். நடுவில் விசாரணை அதிகாரிக்கே டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டால் ஆறு மாதம் போச்சு.

செய்தித்தாளில் "சஸ்பெண்ட்" என்று படித்ததும் தண்டனை கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். சஸ்பென்ஷன் தண்டனையே இல்லை. வீட்டில் உட்கார வைத்து, தொடக்கத்தில் அரைச் சம்பள அளவுக்குப் பிழைப்பூதியம் கொடுப்பார்கள், மூன்று மாதம் தாண்டினால் அதைக் கூட்டவும் செய்யலாம். தண்டனை என்றால் கண்டிப்பு, இன்கிரிமென்ட் நிறுத்தம், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, ரிமூவல், டிஸ்மிஸல் என்று ஏணி. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு: ரிமூவல் ஆனவர் மீண்டும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம், டிஸ்மிஸ் ஆனவருக்குப் பொதுவாக அந்த வாசலும் அடைபட்டது.

தப்பு நடந்தால் தலை உருள வேண்டியது அமைச்சருடையதா, அதிகாரியுடையதா?

இதற்கு நம்மிடம் இரண்டு பழைய கதைகள் இருக்கின்றன, இரண்டிலும் நம் ஊர் வருகிறது.

1956 நவம்பரில் அரியலூர் அருகே வெள்ளத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அவர் பாலத்தைக் கட்டவுமில்லை, ரயிலை ஓட்டவுமில்லை. துறையில் நடந்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்ற கோட்பாட்டைச் சொல்லும்போது எல்லாரும் இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

இரண்டாவது கதை சிக்கலானது, எனக்கு இதுதான் பிடிக்கும். 1957-ல், பிறந்து ஒரு வருடமேயான எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் நிறுவனப் பங்குகளில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பணத்தைப் போட்டது. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தார். நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நிதிச் செயலாளர் எச்.எம். படேல். அமைச்சருக்குத் தெரிந்துதான் நடந்தது என்று செயலாளர் சொல்ல, தான் ஒப்புதல் தரவில்லை என்று அமைச்சர் சொல்ல, யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு துண்டுத் தாள்கூட இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பகிரங்கமாக விசாரித்து, செயலாளர் செய்ததற்கு அரசமைப்பு ரீதியாக அமைச்சரே பொறுப்பு என்று சொல்லிவிட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். படேலும் பணியை விட்டுப் போனார், ஆனால் அரசியலுக்கு வந்து 1977-ல் அவரே நிதி அமைச்சரானார்!

வாய்மொழி உத்தரவு என்ற இந்த நோய் அதோடு தீரவில்லை. ஐம்பது வருடம் கழித்து, முன்னாள் கேபினட் செக்ரட்டரி டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்டோர் போட்ட வழக்கில் 2013 அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவுப்படி நடக்கக் கூடாது, வாங்கினால் எழுத்தில் பதிய வேண்டும் என்று சொன்னது. எழுதாவிட்டால் தகவல் உரிமைச் சட்டமே பொருளற்றுப் போகும் என்பதும் அதன் காரணங்களில் ஒன்று. நடைமுறை எப்படி? மேலிருந்து போன் வரும். "சார், ஒரு வரி மெயில் அனுப்பிடுங்க" என்று கேட்கிற தைரியம் ரிட்டயர் ஆக ஆறு மாதம் இருக்கும்போதுதான் வரும், எனக்கும் அப்போதுதான் வந்தது.

சி.வி.சி., சி.பி.ஐ., லோக்பால், சி.ஏ.ஜி.... இத்தனை பேர் இருந்தும்?

ஒவ்வொருவரின் கையும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1964-ல், நம் தமிழ்நாட்டுக்காரர் கே. சந்தானம் தலைமையிலான குழு சொல்லி வந்தது, 2003-ல் சட்ட அந்தஸ்து பெற்றது. ஆலோசனைதான் சொல்லும், தண்டிப்பது அந்தந்தத் துறை. சி.பி.ஐ.க்கு, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்தின்படி, அதிகாரி எடுத்த முடிவு பற்றி விசாரிக்கத் தொடங்கவே முன் அனுமதி வேண்டும், வழக்கு நடத்த இன்னொரு அனுமதி. நேர்மையான அதிகாரி பயமில்லாமல் முடிவெடுக்க இது வேண்டும் என்று ஒரு தரப்பு, திருடனுக்குக் குடை பிடிக்கிறது என்று ஒரு தரப்பு. இரண்டிலும் பாதி உண்மை. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்கான சட்டம் 2013-ல் வந்தது, முதல் தலைவரை நியமிக்க 2019 மார்ச் வரை ஆனது, இதற்கு மேல் என்ன சொல்ல.

அலுவலகத்தில் உண்மையான நடுக்கம் சி.ஏ.ஜி., அதாவது தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கைக்குத்தான். முதலில் ஒரு ஆடிட் மெமோ வரும், பதில் திருப்தி தராவிட்டால் அது தணிக்கை அறிக்கையில் ஒரு பாராவாக வளர்ந்து நாடாளுமன்றத்துக்குப் போகும். அங்கே 22 பேர் கொண்ட பொதுக் கணக்குக் குழு, வழக்கமாக எதிர்க்கட்சிக்காரர் தலைமையில், செக்ரட்டரியை எதிரே உட்கார வைத்துக் கேட்கும். ஆனால் இவர்கள் கேட்பதும் செலவழித்ததைப் பற்றித்தான். மார்ச்சில் அள்ளிக் கொட்டக் கூடாது என்று கடைசி மாதத்துக்கு 15 சதவீதம், கடைசிக் காலாண்டுக்கு 33 சதவீதம் என்று நிதித் துறை வரம்பு வைத்திருக்கிறது, இருந்தும் மார்ச் 31 இரவு எந்தச் செக்‌ஷனிலும் விளக்கு அணைவதில்லை.

நாடாளுமன்றக் கேள்விக்கு அதிகாரிகள் நிஜமாகவே பயப்படுவார்களா?

ஆமாம், நிஜமாக. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாத கேள்வி. நட்சத்திரம் என்றால் அமைச்சர் வாயால் பதில் சொல்லி, துணைக் கேள்விக்கும் நிற்க வேண்டும். அந்த ஃபைலுக்கு மட்டும் கால் முளைத்துவிடும். மற்ற ஃபைல் மூன்று மாதத்தில் கடக்கும் தூரத்தை இது மூன்று மணி நேரத்தில் கடக்கும், ஆளே கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவார். அமைச்சரிடம் என்னென்ன குறுக்குக் கேள்வி வரலாம் என்று நாங்களே கற்பனை செய்து பதிலும் எழுதித் தருவோம். விவரம் கைவசம் இல்லையென்றால் "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அது உறுதிமொழியாகப் பதிவாகி, மூன்று மாதத்தில் நிறைவேற்றவில்லையென்றால் அதற்கென்றே இருக்கும் குழு துரத்தும். உங்கள் எம்.பி.யிடம் தெருவிளக்குக்கு மனு கொடுப்பதற்குப் பதில், ஒரு நல்ல கேள்வியை எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

என் மனு நகரவே இல்லை. நான் என்ன செய்யலாம்?

என் மாமியார் கதையைச் சொல்கிறேன். மாமனார் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலமானதும் குடும்ப ஓய்வூதியம் மாமியாருக்கு வர வேண்டும். பென்ஷன் ஆணையில் அவர் பெயருக்கு முன் தகப்பனார் இனிஷியல், ஆதாரில் புருஷன் இனிஷியல். நம் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற சங்கதிதான், ஆனால் வடக்கே இனிஷியல் என்றாலே புரியாது. வங்கி, திருத்தம் வேண்டும் என்று பழைய அலுவலகத்துக்கு அனுப்பியது, அங்கிருந்து கணக்கு அலுவலகத்துக்கு, அங்கிருந்து டெல்லிக்கு. எட்டு மாதம். முப்பது வருடம் உள்ளே இருந்தவன் மாமியாருக்கே இந்தக் கதி. போன் செய்தால் "பிராசஸில் இருக்கு" என்றார்கள், இந்தப் பதிலை நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அதனால் கோபப்படவும் முடியவில்லை.

கடைசியில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஒரு ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு, போட்டேன். "ஏன் தாமதம்" என்று கேட்கவில்லை, அது கருத்துக் கேட்பது, பதில் வராது. கேட்டது மூன்றே: இந்த டைரி எண்ணுள்ள மனு எந்தெந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ளவரிடம் இருந்தது, ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள், அதன் குறிப்புப் பக்கங்களின் நகல். செய்யாமல் விட்டதை ஒரு தாளில் பெயரும் தேதியுமாக எழுத வைக்கிற கேள்வி இது ஒன்றுதான். இருபத்திரண்டாம் நாள் பென்ஷன் நிலுவையோடு வந்தது, ஆர்.டி.ஐ. பதில் அதற்கு நாலு நாள் கழித்து வந்தது.

அதற்கு முன் ஒரு படி: மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சி.பி.கிராம்ஸ் இணையதளத்தில் புகார் பதியுங்கள், செலவில்லை. 2024 வழிகாட்டுதல்படி 21 நாளில் தீர்க்க வேண்டும். "தீர்க்கப்பட்டது" என்று வெறுமனே மூடிவிட்டால் மேல்முறையீடு உண்டு, விடாதீர்கள். ஆர்.டி.ஐ.க்கு 30 நாள், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். பதில் இல்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். அங்கே காத்திருப்பு நீளம். ஆனால் காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 அபராதம் அவர் சொந்தச் சட்டைப் பையிலிருந்து போகும் என்பதால் முதல் மேல்முறையீட்டுக்கே பெரும்பாலும் அசைந்துவிடுவார்கள்.

மனுவைத் தமிழில் எழுதலாமா? தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால்?

ஆர்.டி.ஐ. சட்டம் ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சி மொழியில் எழுதலாம் என்கிறது, ஆக தமிழ்நாட்டில் தமிழில் தாராளமாக எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. டெல்லிக்கு அனுப்ப வேண்டியதைக்கூட இதற்கென்று குறிக்கப்பட்ட தபால் நிலையங்களில் கொடுக்கலாம். தப்பான இடத்துக்குப் போய்விட்டால், சட்டத்தின் 6(3) பிரிவுப்படி அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி உங்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும், "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அப்படித் திருப்பினால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் பத்திரமாக வையுங்கள், முதல் மேல்முறையீட்டோடு இணைக்க வேண்டிய முதல் தாள் அதுதான்.